தக்காளி இலையில் வெள்ளைக் கோடுகள்: மருந்தடிப்பதா, குளவிக்கு விட்டுவிடுவதா?

உசிலம்பட்டித் தோட்டம் (கேள்வி)

வணக்கம். உசிலம்பட்டிக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தில் அறுபது சென்ட் தக்காளி வைத்திருக்கிறேன். செடிகள் பூவெடுத்துப் பிஞ்சு கட்டும் பருவத்தில் நிற்கின்றன. மாசி வெயில் ஏற ஏற, அடி இலைகளில் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோடுகள் தோன்றி, இப்போது செடியின் நடுப்பகுதி வரை ஏறிவிட்டன. வரப்போரம் நிற்கும் ஆமணக்கிலும் அதே கோடுகள் இருக்கின்றன. இலையை மருந்துக்கடையில் காட்டியபோது, இலைத்துளைப்பான் என்று சொல்லி, இரண்டு மருந்துகளைக் கலந்து வாரம் ஒருமுறை அடிக்கச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் அடித்து வருகிறார்கள். அங்கே கோடு குறைந்ததாகத் தெரியவில்லை.

நான் இன்னும் எதுவும் அடிக்கவில்லை. காலையில் இலைகளைப் புரட்டிப் பார்க்கும்போது, எறும்பைவிடச் சிறிய, கரும்பச்சையாக மின்னும் பூச்சிகள் அந்தக் கோடுகளின் மேல் மீசையால் தட்டித் தட்டி நடப்பதைப் பார்க்கிறேன். சில கோடுகளுக்குள் புழு பழுப்பேறிச் செத்துக் கிடக்கிறது. மருந்தே படாத இலைக்குள் புழு எப்படிச் செத்தது? இந்தப் பூச்சிகள்தாம் காரணம் என்றால், அவற்றை மட்டும் நம்பி இருக்கலாமா? கரும்புக்குக் கட்டுகிற டிரைக்கோகிரம்மா அட்டையை வாங்கிக் கட்டினால் பயன் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பூச்சியியல் மாணவி

ஐயா, நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் யூலோஃபிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள். குளவி என்றதும் கூரையில் மண்கூடு கட்டும் பூச்சியை நினைத்துவிட வேண்டாம். இவை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும், மனிதரைக் கொட்டுவதில்லை.

முதலில் ஈயைப் பற்றிச் சொல்கிறேன். தக்காளியிலும் ஆமணக்கிலும் ஒரே நேரத்தில் கோடு போடுவது லிரியோமைசா டிரைஃபோலி என்னும் ஈயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. செவ்வந்திக் கன்றுகளோடு உலகெங்கும் பரவி, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. பெண் ஈ தன் முட்டையிடும் உறுப்பால் இலையைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. ஆண் ஈயால் குத்த முடியாது என்பதால், பெண் குத்திவைத்த துளைகளிலேயே அதுவும் உண்கிறது. இலையில் ஊசியால் குத்தியதுபோல் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் இவைதாம். அவற்றுள் ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளிகளில் மட்டுமே முட்டை இருக்கும் என்பதால், புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. பொரித்த புழு இலையின் இரு தோல்களுக்கும் இடையே உள்ள பச்சையத்தைத் தின்றபடி முன்னேறுவதால், அது வளர வளரக் கோடும் அகலமாகும். வளர்ந்த புழு இலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ ஆவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களே போதும்.

இனி, புழு செத்த காரணம். குளவி மீசையால் இலையைத் தட்டிக்கொண்டே கோட்டைத் தொடர்ந்து சென்று, புழு இருக்கும் இடத்தை அறிந்து, இலைத்தோலின் வழியாகவே கொடுக்கைச் செலுத்தி அதைக் கொட்டுகிறது. கொட்டுப்பட்ட புழு செயலிழந்து, தின்பதை நிறுத்திவிடும். டைகிளைஃபஸ் ஐசேயா, ஹெமிப்டார்சினஸ் வாரிகார்னிஸ் போன்ற இனங்கள் அந்தப் புழுவின் அருகிலேயே முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குளவிப்புழு, வெளியே ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சி முடிக்கிறது. நியோகிரைசோகாரிஸ் ஃபார்மோசா என்பது புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் இனம். இம்மூன்றும் இந்தியாவில் பதிவானவை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கொட்டிய எல்லாப் புழுக்களிலும் குளவி முட்டையிடுவதில்லை. சிறிய புழுக்கள் பலவற்றைக் கொட்டி, அந்தக் காயத்தில் கசியும் உடல்நீரை உண்டுவிட்டுப் போய்விடுகிறது. தன் முட்டைகள் முதிர அதற்குப் புரதம் வேண்டும். அதனால்தான் ஒரு சென்டிமீட்டர்கூட நீளாத கோடுகளுக்குள் பழுப்புப் புழுக்கள் கிடக்கின்றன. டைகிளைஃபஸ் குளவி பெரிய புழு கிடைத்தால் பெரும்பாலும் கருவுற்ற முட்டையை இடுகிறது, அது பெண்ணாகிறது. சிறியதன் அருகே கருவுறாத முட்டையை இடுகிறது, அது ஆணாகிறது. குஞ்சுக்கு எவ்வளவு தீனி கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் இந்தத் திறமையை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறைவதில்லை.

டிரைக்கோகிரம்மா அட்டை இதற்கு உதவாது. அந்த அட்டையிலிருந்து வரும் குளவி அந்துப்பூச்சிகளின் முட்டைகளைத் தேடுவது. இந்த ஈயின் முட்டையோ இலைக்குள் புதைந்திருப்பது. ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில்களுக்கென்று டைகிளைஃபஸை வளர்த்து விற்கிறார்கள். நமக்கு அது வரப்பிலேயே இருக்கிறது.

மேலூர் கீரைத்தோட்டம்

மேலே தங்கை எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாப் பயிருக்கும் இதே பதிலைச் சொல்லிவிட முடியாது. தக்காளியில் நாம் விற்பது பழம். இலையில் கோடு விழுந்தாலும் மாட்டுத்தாவணிச் சந்தையில் யாரும் இலையைக் கேட்கப் போவதில்லை. காய்த்து நிற்கும் செடி ஓரளவு இலைச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். கீரை போட்டவர்களுக்கும் பூஞ்செடி வைத்தவர்களுக்கும் இலைதான் சரக்கு. கோடு விழுந்த கீரைக்கட்டைச் சந்தையில் கழித்துப் போடுகிறார்கள். நாற்றங்காலும் அப்படித்தான்: இரண்டு இலையோடு நிற்கும் நாற்றில் இரண்டு இலையிலும் கோடு விழுந்தால், குளவி வரும்வரை அந்த நாற்று காத்திருக்காது. ஆகவே, நாற்றை வலைக்குள் வளர்த்து, சுத்தமான நாற்றை மட்டும் நடுவது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நடவுக்குப் பிறகு, கேள்வி கேட்டவர் செய்வதுபோல் பொறுத்துப் பார்க்கலாம்.

உசிலம்பட்டித் தோட்டம்

இருவருக்கும் நன்றி. என் நாற்று வாங்கியது. அதிலேயே கோடு இருந்ததா என்று அப்போது பார்க்கவில்லை. இன்று இலைகளை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். சில கோடுகளின் முனையில் மஞ்சள் புழு நெளிகிறது. சிலவற்றில் புழுவே இல்லை, ஓட்டை மட்டும் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வெளியேறியது ஈயின் புழுவா, குளவியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

தம்பி, ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள். ஈயின் புழு வெளியேறும்போது கோட்டின் அகன்ற முனையில் அரைவட்டமாக ஒரு கீறல் விழுந்திருக்கும். குளவி வெளியேறும்போது இலைத்தோலைத் தாடையால் கடித்து வட்டமாகத் துளையிட்டிருக்கும். துளைக்குக் கீழே காய்ந்த புழுத்தோலோ, குளவியின் கூட்டுப்புழுத் தோலோ ஒட்டியிருக்கும். கூட்டுப்புழுவாக இருக்கும் நிலையிலேயே டைகிளைஃபஸைப் பார்க்க முடியும்: இலைத்தோலை ஊசியால் மெல்ல நீக்கினால், சிவந்த கண்களோடு கருமையான சிறிய உடல் தென்படும், அதைச் சுற்றித் தூண் நட்டதுபோல் கழிவுத் துணுக்குகள் நிற்கும். இலை காய்ந்து சுருங்கும்போது மேல்தோலும் கீழ்த்தோலும் தன்னை நசுக்கிவிடாமல் இருக்கக் குளவிப்புழு தானே நாட்டிய தூண்கள் அவை.

அவ்வாறு தோட்டத்தின் பல இடங்களிலிருந்தும் இலைகளைப் பறித்துப் பார்த்து, உயிருள்ள மஞ்சள் புழுக்களைவிடச் செத்த புழுக்களும் வட்டத் துளைகளும் அதிகமாக இருந்தால் மருந்தை எடுக்கவே வேண்டாம். கோடுகள் அழியாமல் இலையிலேயே நிற்கும் என்பதால், கோடுகளை மட்டும் எண்ணுபவருக்கு நோய் வளர்வதாகவே தோன்றும். பெரும்பாலான வீண்செலவு இந்த இடத்தில்தான் நேர்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் குறையாத காரணமும் இதோடு சேர்ந்தது. புழு இலைத்தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. அடிக்கிற மருந்துகளில் பல அதை எட்டுவதில்லை, எட்டினாலும் இந்த ஈ பல மருந்துகளுக்குத் தாங்குதிறன் பெற்றுவிட்டது. இலையின் மேல் வெளிப்படையாக நடமாடும் குளவி முதல் தெளிப்பிலேயே விழுந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் தக்காளியில் காய்ப்புழுவுக்காக அடித்த மெத்தோமில் என்னும் பூச்சிமருந்து, இதன் நெருங்கிய உறவான லிரியோமைசா சட்டைவே என்னும் ஈயைப் பெருகச் செய்ததை ஓட்மன், கென்னடி இருவரும் 1976-இல் வெளியிட்டனர். பைரித்ராய்டு வகை மருந்துகளாலும் இதே கதைதான் நடக்கிறது.

அடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் போதும்: 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதிசோப்பு கரைத்து மாலையில் தெளியுங்கள். அது புழுவின் தோலுரிப்பைக் குலைக்கிறது. குளவிக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. மஞ்சள் பொறியை ஈயின் வரவைக் கண்காணிக்கும் அளவுக்குச் சில இடங்களில் மட்டும் வையுங்கள். வரிசைக்கு வரிசை கட்டினால் குளவிகளும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கோடு மெல்லியதாக வளைந்து ஓடாமல், இலையில் அகன்ற திட்டாக வெளிறி, காம்படியில் ஊசி முனையளவு துளையோடு காய்களும் இருந்தால், அது ஈ அல்ல. 2014-இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட டூட்டா அப்சொலூட்டா என்னும் ஊசிப்புழு. அது அந்துப்பூச்சி, காயையே கெடுத்துவிடும் என்பதால், இவ்வளவு பொறுமை அதற்குக் கூடாது.

பூச்சியியல் மாணவி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தோன்றிப் பப்பாளியையும் மல்பெரியையும் அழித்தபோது, 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. இலைத்துளைப்பான் ஈக்கு அப்படிக் கப்பலேற்றி எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. களைகளிலும் பட்டாணி போன்ற பயிர்களிலும் வேறு இலைத்துளைப்பான்களை உண்டு வாழ்ந்த குளவிகள், வந்தேறிய ஈயையும் உணவாக்கிக்கொண்டன. எனவே, வரப்பில் நிற்கும் ஆமணக்கைக் கோடு விழுந்திருக்கிறது என்பதற்காக வெட்டிவிடலாமா என்று ஒருமுறை யோசியுங்கள்; ஈ வளரும் அதே இலையில்தான் குளவியும் வளர்கிறது. நான் வெட்டச் சொல்லமாட்டேன். தக்காளி நடுவதற்கு முன்பே ஈ பெருகியிருந்தால் மட்டும் வேறு பேச்சு.

மேலூர் கீரைத்தோட்டம்

ஆமணக்கு விஷயத்தில் எனக்கு ஐயம் உண்டு. குளவி இல்லாத ஆமணக்கு, ஈக்குப் பண்ணையாகிவிடும். அதைத் தெரிந்துகொள்ள ஏதேனும் எளிய வழி உண்டா?

பூச்சியியல் மாணவி

உண்டு, அண்ணா. கோடு விழுந்த ஆமணக்கு இலைகளைப் பறித்து, அகன்ற வாய் கொண்ட கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். வளர்ந்த ஈப்புழுக்கள் இலையை விட்டு வெளியேறி, புட்டியின் அடியில் ஆரஞ்சு நிறக் கூட்டுப்புழுக்களாகக் கிடக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி இன்னொரு சிறு புட்டியில் வைத்துவிடுங்கள். பிறகு முதல் புட்டியில் எழுவன டைகிளைஃபஸ் வகைக் குளவிகள், ஏனெனில் அவை இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகின்றன. இரண்டாம் புட்டியில் மஞ்சள் புள்ளி கொண்ட ஈக்கள் எழலாம். ஓபியஸ் போன்ற பிராகோனிடே குளவிகளும் எழலாம், ஏனெனில் அவை புழுவைக் கொல்லாமல் விட்டு, கூட்டுப்புழுவான பிறகு உள்ளிருந்து வெளிவருபவை. ஆகவே அடியில் கிடக்கும் கூட்டுப்புழுவெல்லாம் ஈ என்று உடனே நசுக்கிவிடாதீர்கள். எழுந்த குளவிகளைத் தோட்டத்திலேயே விட்டுவிடலாம்.

இனத்தை உறுதி செய்ய வேண்டுமானால், மதுரை வேளாண்மைக் கல்லூரியில் பூச்சியியல் துறைக்கு இலைகளோடு செல்லுங்கள். இலைகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் செல்வது நல்லது; பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து, போய்ச் சேர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.