சட்டைப் பைக்குள் அடங்குற இங்க் பேனா: கடற்கரையில எது தாங்கும்?

பாம்பன்கரை
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா பாம்பன், குந்துகால், தங்கச்சிமடம் பக்கம் வயசான மீனவங்ககிட்ட உட்கார்ந்து காத்துப் பேரு, வலைப் பேரு, மீன் பேருன்னு எழுதிட்டு வர்றேன். முதல்ல போன்லதான் பதிவு பண்ணேன். காத்து இரைச்சல்ல பாதிப் பேச்சு கேக்கல. போனை நீட்டினாலே பேசுறவங்க குரலும் மாறிடுது. நோட்டை எடுத்தா “இத எழுதிக்கப்பா”ன்னு அவங்களே எடுத்துக் குடுக்குறாங்க.

பால் பாயிண்ட்ல ரெண்டு மணி நேரம் அழுத்தி எழுதினா கட்டைவிரல் மரத்துப் போகுது, அதனால இங்க் பேனாதான். போன மாசம் மீன்பிடி வல்லத்துக்குள்ள (படகு) குனிஞ்சப்ப என் நீளப் பேனா பைய விட்டு நழுவி விழுந்து நிப்பு மடங்கிடுச்சு. இனிமே சின்னப் பேனாதான்னு முடிவு. கவெக்கோ ஸ்போர்ட்ங்கிற குட்டைப் பேனா மேல கண்ணு. மூடினா 10.5 சென்டிமீட்டர், மூடியைப் பின்னால மாட்டினா 13-ஐத் தொடும். மூடி எட்டுப் பட்டை, பலகையில வச்சா உருளாது. உப்புக் காத்துல இத வச்சு எழுதினவங்க சொல்லுங்க.

கீழக்கரை_மைக்கூடு
தம்பி, நல்ல வேலை செய்றீங்க. ஆனா பேனா விஷயத்துல தப்பான இடத்துக்குப் போறீங்க. அந்தப் பேனாவுக்குள்ள போற குட்டி கார்ட்ரிட்ஜ், அதான் மை அடைச்ச குழாய், 0.8 மில்லி கூட வராது. ஒருத்தர் மனசு திறந்து பேசுற நேரத்துல மை தீர்ந்துச்சுன்னா அந்தப் பேச்சு திரும்ப வராது.

நம்ம தமிழ்நாட்டுலயே திருவள்ளூர்ல ரங்கா பேனாக்காரங்க கடைசல்ல கடைஞ்சு எபோனைட் பேனா செய்றாங்க. கட்டையா, பைக்கு அடங்குற மாதிரியும் கேட்டு வாங்கலாம். பில்லரால உடம்பு முழுக்க மை ஊத்தலாம், கார்ட்ரிட்ஜ் மாதிரி மூணு நாலு மடங்கு புடிக்கும். எபோனைட்டுங்கிறது கந்தகம் சேத்துக் காய்ச்சி இறுக்கின ரப்பர். வேர்த்த கையிலயும் வழுக்காது. வெயில்லயே போட்டு வச்சா பளபளப்பு போயி பழுப்படிக்கும், அவ்வளவுதான்.

தொண்டி_டீச்சர்
காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் அழைப்பார்கள்), உடம்பிலேயே மை ஊற்றும் பேனாவை நானும் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தவள். வகுப்பறை வேறு, கடற்கரை வேறு. மை பாதிக்கு மேல் தீர்ந்ததும் அந்தப் பேனா கக்கும். ஏன் என்று கணக்காகவே பார்ப்போம்.

காலையில் கரையில் 27 டிகிரி. சட்டைப் பைக்குள்ளும் கைச்சூட்டிலும் 37-க்குக் குறையாது. 27 டிகிரி என்பது கெல்வினில் 300. பத்து டிகிரி ஏறினால் உள்ளே இருக்கும் காற்று முப்பதில் ஒரு பங்கு விரியும். 3 மில்லி பிடிக்கும் பேனாவில் 2 மில்லி காலியாக இருந்தால் 0.066 மில்லி மையை அது வெளியே தள்ளும். ஒரு சொட்டு என்பது 0.05 மில்லி. ஆக ஒரு சொட்டுக்கும் மேலே எழுத்தின் நடுவில் விழும். கார்ட்ரிட்ஜில் 0.7 மில்லி காலியாக இருந்தாலும் தள்ளப்படுவது 0.023 மில்லி, அரைச் சொட்டுக்கும் குறைவு. நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் கீறல் கீறலாக வெட்டியிருக்கிறார்களே, அது அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே தம்பி சொல்லும் பேனா சரி என்பேன். சின்னப் பேனா வேண்டுமென்றால் சின்ன மைக்கூடும் வேண்டும்.

கீழக்கரை_மைக்கூடு
டீச்சர், கணக்கு சரி, பழக்கத்தை விட்டுட்டீங்க. பையில நிப்பு மேல பாத்து நிக்கும்போது விரியுற காத்துதான் வெளியேறும், மை இல்ல. தினமும் காலையில மைய நிரப்பிட்டா உள்ள காத்துக்கே இடம் கிடையாது. மரையில துளி சிலிக்கான் கிரீஸ் தடவினா ஒழுகவும் ஒழுகாது. முப்பது வருசமா கடைக் கணக்கு அப்படித்தான் எழுதுறேன். என் சட்டையில ஒரு நாளும் கறை பட்டதில்ல.

தொண்டி_டீச்சர்
நீங்கள் கடைக்குள் நிழலில் எழுதுகிறீர்கள், காலையில் நிரப்ப மைப்புட்டி பக்கத்தில் இருக்கிறது. தம்பி வெயிலில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, நிப்பு கீழே பார்த்தபடி மணிக்கணக்கில் பிடித்திருப்பார். மதியத்துக்குள் பாதி மை தீர்ந்திருக்கும். சொட்டு விழுவது பையில் இல்லை, தாளில்.

மண்டபம்_வல்லம்
நான் கடல் தொழிலுக்குப் போறவன். ரெண்டு பேரும் பேனாவப் பத்தியே பேசுறீங்க, தாளப் பத்தி யாரும் பேசல. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல கரையில நின்னாலே சட்டை பிசுபிசுங்கும். உப்பு ஏறின தாள் ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். அதுல இங்க் பேனா வச்சா எழுத்து காலு கையெல்லாம் முளைச்சு படரும். ஒரு அலைத் தூவல் பட்டா பக்கமே நீலத் தண்ணி.

எங்க வீட்டு மீன் கணக்கு நோட்டு 15 வருசத்துது இருக்கு. பென்சில்ல எழுதினது. ரெண்டு தடவை கடல்ல விழுந்து காய வச்சது, இன்னும் ஒரு எழுத்து அழியல. பென்சில் கரி தண்ணிக்குக் கரையாது. கக்காது, காயாது, தொலைஞ்சா அஞ்சு ரூபா. பெரியவங்க சொல்றது உங்ககிட்ட பத்திரமா இருக்கணும் தம்பி. அவுங்க போயிட்டா கேக்க ஆளு இல்ல.

பாம்பன்கரை
அண்ணே, நீங்க சொன்னதுதான் எனக்கு நடந்துச்சு. போன ஆடியில ஒரு தாத்தா பாறை மீன்ல எத்தனை வகைன்னு அடையாளத்தோட சொன்னாரு. சாதாரண கேமல் ராயல் புளூ மைதான் ஊத்தியிருந்தேன். திரும்பி வரும்போது பைக்குள்ள தண்ணி போயி மூணு பக்கம் போச்சு. வரி இருந்த இடம் தெரியுது, வார்த்தை தெரியல. ஒரு ஓரத்துல ‘கண்ணுக்குப் பின்னால மஞ்ச’ன்னு மட்டும் மிச்சம், எந்த மீனுக்குன்னு இல்ல. மறுபடி போனப்ப தாத்தா படுக்கையில கெடந்தாரு. கேக்க மனசு வரல.

பென்சில்ல எழுதினா மொனை மழுங்கி, ராத்திரி படிக்கும்போது என் கையெழுத்தே எனக்குப் புரியல. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

தொண்டி_டீச்சர்
அப்படியென்றால் பேச்சு பேனாவைப் பற்றி இல்லை தம்பி, மையைப் பற்றி. கழுவிப் போகிற மையை எந்தப் பேனாவில் ஊற்றினாலும் இதே கதிதான். அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கடுக்காய்த் துவர்ப்பையும் சேர்த்தால் கறுக்கும் என்பது நம் ஊர் மைக்காரர்களுக்குப் பழைய பாடம். இரும்பு மை என்பது அதே வேலைதான். எழுதும்போது வெளுப்பாக இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டுக் கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்தால் மேலே இருக்கும் நீலச் சாயம் போகும், கறுப்புக் கோடு நிற்கும். பெலிக்கான் 4001 நீலக்கறுப்பு, பிளாட்டினம் நீலக்கறுப்பு இரண்டும் அந்த வகை. வீட்டில் காய்ச்சியதை மட்டும் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், மண்டி அடைத்துக்கொள்ளும்.

இரும்பு மையில் புளிப்பு உண்டு. ஸ்டீல் நிப்புக்கு மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவல் அவசியம். கரையிலிருந்து வந்ததும் நிப்பையும் மூடியின் மரையையும் ஈரத் துணியால் துடையுங்கள். உப்புப் படிந்தால் துரு அங்கேதான் தொடங்கும். தங்க நிப்பு என்றால் அந்தக் கவலை இல்லை. பைலட்டில் E95S என்று ஒன்று, 14 காரட், மூடினால் குட்டை, மூடியை மாட்டினால் நீளம். அழகான பேனா. ஆனால் வல்லத்துக்குள் கொண்டுபோகும் விலை இல்லை.

நிப்பு மெல்லியதாக எடுங்கள். ஈரத் தாளில் மை குறைவாக இறங்கினால் படர்வதும் குறையும்.

கீழக்கரை_மைக்கூடு
மை விஷயத்துல டீச்சர் சொல்றத ஒத்துக்கிறேன், நானே பத்திரத்துக்கு நீலக்கறுப்புதான் போடுறேன். பேனா விஷயத்துல மாற மாட்டேன். வெளிநாட்டுக் கார்ட்ரிட்ஜ் ராமநாதபுரத்துல எந்தக் கடையில கிடைக்கும்? தபால்ல வர ஒரு வாரம் ஆகும்.

பாம்பன்கரை
காக்கா, காலி கார்ட்ரிட்ஜையே கழுவி ஊசிக் குழாயால திரும்ப நிரப்பிக்கலாம்ல. நிரப்பின நாலைஞ்சு கார்ட்ரிட்ஜ, வாயில மெழுகு வச்சு ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு வச்சுக்குவேன்.

முடிவு இதுதான்: கவெக்கோ ஸ்போர்ட், மெல்லிய நிப்பு, பெலிக்கான் நீலக்கறுப்பு. அதோட கிளிப் தனியாத்தான் வாங்கணும்னு தெரிஞ்சுக்கிட்டேன், அதையும் சேத்தே வாங்குறேன், இனிமே குனிஞ்சா விழக் கூடாது. அண்ணன் சொன்ன மாதிரி நோட்டு முதுகுல தூண்டில் நரம்புல கட்டின பென்சில் ஒண்ணு. வல்லம் தண்ணியில இறங்கிட்டா பென்சில், கரையில உட்கார்ந்தா பேனா. பென்சில்ல எழுதினத அன்னைக்கு ராத்திரியே மையில பெயர்த்து எழுதிடுவேன்.

மண்டபம்_வல்லம்
அது சரி. ஞாயித்துக்கிழமை கரையிலதான் இருப்போம், வாங்க. எங்க பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிருச்சு, வலையில போடுற முடிச்சு ஒவ்வொண்ணுக்கும் பேரு சொல்லுவாரு. பாறை மீன் வகையும் அவருக்குத் தெரியும். அந்தக் கண்ணுக்குப் பின்னால மஞ்ச எதுன்னு நான் முன்னாடியே கேட்டு வைக்கிறேன்.