எவடம் தம்பி?

சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவும் கேட்பார், வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரும் கேட்பார்: “எவடம் தம்பி?” மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்குத் தப்ப ஏலாது. பெயரைச் சொன்னால் ஆளை விளங்காது. இடத்தைச் சொன்னால்தான் தாய்வழியில் என்ன குடி, எந்தக் கோயில், என்ன தொழில், யாருக்குச் சொந்தம் எல்லாம் விளங்கும். நான் இடத்தைச் சொன்னதும் கேட்டவரின் முகம் கொஞ்சம் மாறும். கதை அதோடு நின்றுவிடும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

எங்கள் இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இதுவும் அந்தப் பெயரின் கணக்கில் சேர்ந்துவிடும். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரருக்கு விளங்கும்.

2004 டிசம்பர் 26 வரைக்கும் நாங்கள் நாவலடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் துண்டு. அந்த நாளில் “எவடம்?” என்று கேட்பவரிடம் “நாவலடி” என்றால், “மீன் என்ன விலை போகுது?” என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் காலை எங்கள் ஒழுங்கையில் யார் மிஞ்சினார்கள் என்பதை எழுத எனக்கு இன்னும் கை வராது. விடுங்கள்.

முகாம், தகரக் கொட்டில், மறுகா கல்வீடு. வீடு நல்ல வீடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் சீட்டுக் குலுக்கிக் கொடுத்த வீடுகள். பரம்பரையாகப் பக்கத்து வளவில் இருந்தவர்கள் மூன்று தெரு தள்ளிப் போனார்கள். பக்கத்தில் வந்தவரின் பெயர் தெரியாது. நாவலடியில் ஒரு பொடியன் சிகரட் பிடித்தால் அவன் வீட்டுக் கடப்படிக்குப் போகும் முன்னரே தாய்க்குத் தகவல் போய்விடும். இங்கே யாருடைய பிள்ளை என்றே தெரியாது, யாரிடம் போய்ச் சொல்வது? கடலும் தூரம். விடியப்புறம் மூன்று மணிக்குச் சைக்கிளை மிதித்துப் போக வேண்டும். வலையைக் கரையில் விட்டால் களவு போகும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் காயப்போட இடமில்லை. தொழிலை விட்டவர்கள் பலர். விட்டவர்களில் சிலர் குடித்தார்கள். குடிக்க ஆள் இருந்தால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் தானாக வரும். வந்தது. விற்றது மொத்தம் மூன்று வீடு. அந்த மூன்று வீட்டையும் எங்களுக்குத் தெரியும், வெளியில் இருப்பவர்களுக்கு மொத்த வீட்டுத்திட்டமும் ஒன்றுதான்.

மூத்தவள் கைக்குழந்தையாக இருந்த நேரம், புழுக்கம் தாங்காமல் ஒரு நிற்கும் ஃபேன் வாங்கிக்கொண்டு இரவு எட்டரைக்கு பஸ் நிலையத்தடியில் ஆட்டோ பிடித்தேன். “எவடம் தம்பி?” சொன்னேன். “அதுக்குள்ள இந்த நேரம் வர ஏலா. மெயின் ரோட்டில இறக்கி விடுறன், நடந்து போங்க.” இறக்கிவிட்டார். ஃபேன் பெட்டியைத் தோளில் வைத்து ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்தேன். ஆட்டோ கிடைக்கவில்லையா என்று மனைவி கேட்டாள். காசு மிச்சம் பிடித்தேன் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து “ஊறணிக்கு அங்கால” என்று சொல்லப் பழகினேன். பொய் இல்லை, அங்கால்தானே! ஒரு தரம் ஒரு கடையில் அப்படிச் சொன்னபோது மகள் கூட நின்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. வெளியில் வந்ததும் “அப்பா, நாம ஊறணியா?” என்று கேட்டாள்.

இனி மோட்டர் கதை. 2022, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். இரும்பு, செம்பு, பித்தளை எதுவும் வெளியில் இருந்தால் மிஞ்சாது. ஒரு இரவு எங்கள் கிணற்றடியில் இருந்த தண்ணி மோட்டரை வயரை வெட்டிக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். விலாசம் எழுதியவர் பேனையை வைத்துவிட்டு, “உங்கட ஆக்களுக்குள்ளதானே தேடணும்” என்றார். என்ட்ரி போட்டார்கள், அது வரைக்கும் சரி.

நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினோம். நாலாவது கடையில் என் மோட்டர். நானே பூசிய பச்சைப் பெயின்ட், நானே சுற்றிய கம்பி. கொண்டுவந்தவன் யார் என்று கடைக்காரர் மறைக்கவில்லை. நகருக்குள் நல்ல தெருவில் இருக்கும் ஒரு பொடியன். கோயில் திருவிழாவில் தகப்பனுக்கு முன்வரிசையில் கதிரை போடுவார்கள். பொடியன் ஐஸ் போதை பாவிக்கத் தொடங்கி ஒரு வருடமாம். வீட்டுச் சாமான் முடிந்த பிறகு எங்கள் பக்கம் வந்திருக்கிறான். ஏன் எங்கள் பக்கம்? இங்கே களவு போனால் யாரும் வெளியில் தேடமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றிரவு தகப்பன் காரில் வந்தார். “படிக்கிற பொடியன் தம்பி, பேர் வெளியில வரப்படாது.” மோட்டரின் விலையைக் கொடுத்தார், வாங்கினேன். வாங்கியது சரியா பிழையா என்று வீட்டில் இன்றும் வாக்குவாதம் நடக்கும். பொடியனின் பெயர் வெளியில் வரவில்லை. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னமே எங்கள் இடத்தின் பெயரைப் போட்டு, அங்கே தொடர் திருட்டு, மக்கள் அச்சம் என்று முகநூலில் செய்தி வந்துவிட்டது. களவு போனது எங்கள் வீட்டில். களவெடுத்தவன் அந்தத் தெருவில். செய்தியில் நின்றது எங்கள் ஊர். பொலிஸ் கணக்கிலும் அப்படித்தானே எழுதுவார்கள், எங்கே நடந்தது என்றுதானே! எங்கிருந்து வந்தான் என்று யார் எழுதுகிறார்கள்?

கல்லடியிலிருந்து ஒருவர்:

அண்ணே, அந்த ஆட்டோக்காரன் நானாகவும் இருக்கலாம். கோபிக்காதீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

லீசிங்கில் எடுத்த ஆட்டோ. ஒரு கண்ணாடி உடைந்தால் ஒரு கிழமை உழைப்பு போகும். நான் ஸ்டாண்டுக்கு வந்த முதல் நாளே மூத்தவர்கள் சொல்லித் தந்தது, எந்தெந்த இடத்துக்குப் பொழுதுபட்ட பிறகு போகக் கூடாது என்று. ஆறோ ஏழோ இடம். உங்களுடையதும் அதில் இருந்தது. யாருக்கு என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

என் போனைப் பறிகொடுத்தது எங்கே தெரியுமா? மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, பட்டப்பகலில். அதற்காக அந்தப் பக்கம் ஹயர் போகாமல் விட்டேனா? அடுத்த நாளும் அங்கேதான் நின்றேன். உங்கள் பதிவை வாசித்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது. அதற்காக நாளை இரவு எட்டரைக்கு வருவேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் படித்த ஒரு தங்கச்சி:

நீங்கள் ஒரு தெருவுக்கு அழுகிறீர்கள், எனக்கு மாவட்டமே பிரச்சினை. கம்பஸ் போன முதல் கிழமை அறைத்தோழி கேட்டாள், “மட்டக்களப்பெண்டால் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைச்சிடுவாங்களாமே, உண்மையே?” நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் முதலில் என்னைக் குடிக்கச் சொல்வாள். மூன்றாம் வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் குடித்தாள். இப்போது இங்கேதான் கலியாணம் கட்டி இருக்கிறாள். மாப்பிள்ளை பார்த்தது நான் இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை!

காத்தான்குடியிலிருந்து ஒருவர்:

எனக்கு உடுப்பு வியாபாரம். கொழும்பில் புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போனால் ஒரே லொட்ஜில்தான் தங்குவது, பத்து வருடப் பழக்கம். 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுகளுக்கு அடுத்த மாதம், போனேன். அடையாள அட்டையை வாங்கி விலாசத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. “ரூம் இல்ல காக்கா” என்றார். பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். அவரைக் குறை சொல்ல மனமில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கு, பயம் இருக்கு.

ஆனால் அதே கொழும்பில் வாப்பாவுக்கு வேறு அனுபவம். 1990 ஓகஸ்ட் 3, எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு காத்தான்குடி என்று சொன்னால் கடைக்காரர் தேத்தண்ணிக்குக் காசு வாங்கமாட்டாராம். வாப்பாவுக்கு அந்த இரக்கம் பிடிக்காது. மேசையில் காசை வைத்துவிட்டுத்தான் வருவார்.

ஒரே ஊர், ஒரே விலாசம். அவருக்கு இரக்கம் கிடைத்தது, எனக்குப் பயம் கிடைத்தது. ஈஸ்டர் குண்டுகளை நடத்திய கூட்டத்தின் தலைவன் சஹ்ரான், அவனைப் பற்றி முறைப்பாடு கொடுத்ததே எங்கள் ஊரவர்கள்தான். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் நடந்த சண்டைக்குப் பிறகு அவன் ஊரில் தலைகாட்டவில்லை. யாரிடம் இதைச் சொல்வது? சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு பல மாதம் புளியந்தீவுப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. என் உடுப்புக்கு அங்கே நல்ல வாடிக்கை. ஒரு டீச்சரம்மா போன் எடுத்து, “ஏன் தம்பி வாறதில்ல, சீட்டுத்துணி கேட்டிருந்தனே” என்றார். அவர் வேறு ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து ஒருவர்:

2018 நவம்பர் 30 வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று காலையே முடிவு கட்டிவிட்டார்கள், புலிகளின் முன்னாள் போராளிகள் செய்த வேலை என்று. புனர்வாழ்வு முடித்து வந்த ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். என் சித்தப்பாவும் புனர்வாழ்வு முடித்தவர். தோட்டத்தில் கத்தரி நட்டுக்கொண்டிருந்தவரை மூன்று தரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வலையிறவுப் பாலத்தால் நகருக்குப் பால் கொண்டுபோகும் பொடியன்களை இறக்கிக் கேனைத் திறக்கச் சொல்வார்கள்.

ஐந்து மாதம் கழித்து, ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகுதான் அதையும் செய்தது சஹ்ரானின் கூட்டம் என்று தெரியவந்தது. பிடிபட்டவரை விட்டார்கள். சித்தப்பாவிடம் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. காத்தான்குடி அண்ணன் எழுதியதை வாசித்தபோது ஒன்று யோசித்தேன். ஏப்ரலில் சந்தேகம் எங்கள் பக்கம் இருந்து வாவியைத் தாண்டி உங்கள் பக்கம் போனபோது, உண்மையைச் சொன்னால், எங்களில் பலர் மூச்சு விட்டோம். இது பெருமையாகச் சொல்லும் விஷயமில்லை.

ஆரையம்பதியிலிருந்து ஒருவர்:

நான் மறுபக்கம் நின்றவன், அதையும் எழுதத்தானே வேண்டும். 2011 ஓகஸ்ட், கிறீஸ் பூதக் காலம், உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பயந்த நேரம். இரவிரவாகப் பொல்லோடு காவல் நின்றோம். ஒரு நாள் பதினொரு மணிபோல் அலுமினியச் சட்டி விற்கும் ஒரு மனிதன் சைக்கிள் டியூப் போய், உருட்டிக்கொண்டு வந்தார். சுற்றி வளைத்துவிட்டோம். ஒருவன் சட்டியைப் பிடுங்கி எறிந்தான். அடி விழப்போகிற நேரம் ஒரு பெரியவர் கேட்டார், “எவடம் ராசா?” “தாழங்குடா” என்றார். யார் வீடு, என்ன குடி என்று கேட்டுப் பார்த்ததில் எங்கள் ஒழுங்கையிலேயே அவருக்கு ஒரு மாமி இருந்தார்! மாமியைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டிவந்து காட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

அவர் வேறு ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. என் கையிலும் பொல்லு இருந்தது.

தொடங்கியவர் மீண்டும்:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. கல்லடித் தம்பி, கோபம் இல்லை. ஃபேன் இன்னும் ஓடுகிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2023 கடைசியில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிசாரின் யுக்திய நடவடிக்கை தொடங்கியபோது எங்கள் இடத்துக்கும் நாயோடு வந்து வீடு வீடாகப் பார்த்தார்கள். கசிப்பு விற்ற மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்காரர் அதற்கு முன்னமே கைவிட்ட தொழில் அது. மூன்றாவது வீட்டுக்காரர் கேரள கஞ்சாவோடு வேறு ஊரில் பிடிபட்டு உள்ளே இருந்தார். வந்தவர்கள் ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். ஆனால் நாய் நடந்த வீடியோ மட்டும் எல்லாப் போனுக்கும் போனது.

கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், கோட்டையை விட்டு எங்கள் பக்கம் மாறி வந்த பிறகு றோட்டில் கார் கூடியிருக்கிறது. போட்டோ கொப்பிக் கடை, சாப்பாட்டுக் கடை, வாடகை அறை என்று தெரு முகப்பே மாறிவிட்டது. என் தம்பி கலியாணம் முடித்துப் பக்கத்தில் ஒரு துண்டு காணி பார்த்தான், கேட்ட விலைக்கு அவனால் நெருங்க ஏலவில்லை. வாங்கியது நகருக்குள் இருந்து வந்த ஒருவர்.

போன மாசம் பஸ் நிலையத்தடியில் இரவு ஆட்டோ பிடித்தேன். சின்னப் பொடியன், இருபத்திரண்டு வயது இருக்கும். “எவடம் அண்ணே?” மகள் பக்கத்தில் நின்றாள், அதனால் ஊறணி என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளபடி சொன்னேன். ஏறச் சொன்னான். பாலமீன்மடுத் திருப்பம் தாண்டியதும் கண்ணாடியால் என்னைப் பார்த்து, “அங்க இப்ப காணி என்ன விலை போகுது அண்ணே?” என்று கேட்டான்.