ட்ரெய்லரின் முன் ரோலர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டது, எந்த அளவு வாங்குவது?

ஏரிக்கரையான்

வணக்கம். போன இலையுதிர் காலத்தில் 16 அடி அலுமினியப் படகு ஒன்றை ட்ரெய்லரோடு பழையதாக வாங்கினேன். கனடாவில், ஒன்ராரியோவின் சிம்கோ ஏரியில் நாலைந்து முறைதான் இறக்கியிருப்பேன். இந்த வாரம் தார்ப்பாயை எடுத்துப் பார்த்தால், வின்ச் (படகை ட்ரெய்லருக்கு மேலே இழுக்கும் சுழல் கருவி) கம்பத்தில் படகின் மூக்கு வந்து முட்டுகிற கறுப்பு ரப்பர் ரோலர் இடப்பக்கம் மட்டும் எலி கடித்ததுபோல் இருக்கிறது. கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவே இல்லை. படகின் மூக்கில் கறுப்புத் தடம் வேறு.

கடையில் 3 அங்குலமா, 4 அங்குலமா, துளை எவ்வளவு என்று கேட்கிறார்கள். பழையதை அளந்தால் இந்த முனையில் ஒரு கணக்கு, அந்த முனையில் ஒரு கணக்கு. படகு ட்ரெய்லரில் இருக்கும்போதே மாற்றலாமா? போல்ட் முழுக்கத் துரு. விக்டோரியா தின நீண்ட வாரயிறுதிக்கு ஏரிக்குப் போகலாம் என்று சின்னவனிடம் வாய் விட்டுவிட்டேன்.

கராஜ் மாமா

தம்பி, தேய்ந்த ரோலரை அளந்து பிரயோசனமில்லை. ரோலர் உட்காருகிற இரண்டு இரும்புக் காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 4 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 4 அங்குல ரோலர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷர் போகிற அளவுக்காவது இடம் விட வேண்டும். இறுகப் பிடித்தால் புதியதும் சுற்றாது. துளைக்கு போல்ட்டை அளக்க வேண்டும், துரு ஏறாத இடமாகப் பார்த்து. இங்கே பெரும்பாலும் அரை அங்குலம் அல்லது 5/8 அங்குலம்.

படகு மேலே இருக்கும்போதே மாற்றலாம். ஆனால் சமதரையில், ட்ரெய்லரை வாகனத்தில் மாட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு. பின்பக்கப் பட்டிகளில் கை வைக்க வேண்டாம். மூக்கு வளையத்திலிருந்து ட்ரெய்லர் சட்டத்துக்கு இன்னொரு ராட்செட் பட்டி போடுங்கள். அப்புறம்தான் வின்ச்சைத் தொட வேண்டும். இரண்டையும் ஓர் அங்குலம் தளர்த்திப் படகைப் பின்னால் தள்ளினால் ரோலர் விடுபடும். படகு இறக்கும் சரிவில் நின்றுகொண்டு இதைச் செய்து பார்க்காதீர்கள், வழுக்கினால் பிடிக்க முடியாது.

போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். காலையிலும் அசையாவிட்டால் இரும்பு அறுக்கும் வாளை எடுத்து அறுத்துவிடுங்கள். சில டாலர் போல்ட்டோடு அரை நாள் மல்லுக்கட்டுவது மடத்தனம். நெருப்பு வைத்துச் சூடாக்க வேண்டாம், பக்கத்திலேயே பெற்றோல் தாங்கி இருக்கும்.

தூண்டில் அக்கா

மாமா சொன்னது சரி. கறுப்புத் தடம் பிடிக்கவில்லை என்றால் பாலியூரித்தேன் ரோலர் வாங்குங்கள், தேன் நிறத்தில் வருமே, அது. தடம் பதிக்காது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். ரப்பர்தான் வேண்டுமென்றால் போல்ட்டுக்குச் சாதாரண கிரீஸ் வைக்காதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். சிலிக்கோன் கிரீஸ் போதும்.

ஆனால் எனக்கு ரோலரை விட அந்த இடப்பக்கம்தான் உறுத்துகிறது. படகின் மூக்கு நடுவில் வந்து முட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேய வேண்டும். வின்ச் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தீர்களா? அப்புறம், இழுத்து முடித்தபின் மூக்கு வளையம் ரோலருக்கு மேலே நிற்கிறதா, கீழேயா?

ஏரிக்கரையான்

அக்கா, நீங்கள் கேட்ட பிறகு போய் ஆட்டினேன். கம்பம் ஆடுகிறது! அடியில் பிடித்திருக்கும் யூ-போல்ட்டில் ஒரு நட் விரலாலேயே சுற்றுகிறது. கம்பம் இடதுபக்கம் லேசாகத் திரும்பியிருக்கிறது. வளையம் ரோலருக்கு நேரே மேலே நிற்கிறது.

இன்னொரு கூத்து. போல்ட்டை அறுத்துத்தான் எடுத்தேன். போல்ட் அரை அங்குலம், ரோலரின் துளையோ 5/8. முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார். அந்த இடைவெளி முழுக்க ஏரிப்பாசியும் மணலும் காய்ந்து சிமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தட்டி எடுத்தேன், நகம் அளவு இரண்டு சிப்பி ஓடுகள்கூட வந்தன.

தூண்டில் அக்கா

அது பெரும்பாலும் வரிக்குதிரைச் சிப்பியாக இருக்கும், சிம்கோவில் நிறைய உண்டு. ஒன்ராரியோவில் 2022 ஜனவரி முதல் ஏரியை விட்டுக் கிளம்பும்போதே படகின் வடிதுளை அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், படகிலும் ட்ரெய்லரிலும் ஒட்டிய செடிகளை எடுக்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் படகின் அடியைப் பார்ப்பார்கள். ரோலர் துளைக்குள் யாரும் பார்ப்பதில்லை.

கராஜ் மாமா

அப்படியென்றால் காதுகளின் துளை அரை அங்குலம்தானே? அரை அங்குலத் துளையுள்ள ரோலரே வாங்குங்கள். கடையில் 5/8 மட்டும்தான் இருந்தால் உள்ளே ஒரு குழாய்த்துண்டு செருகலாம். நட், நைலோன் வளையம் உள்ள பூட்டு நட்டாக இருக்கட்டும். ரோலர் கையால் சுற்றும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

இனிக் கம்பம். தளர்த்துமுன் சட்டத்தில் அது நிற்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். முன்னாலோ பின்னாலோ நகர்த்தினால் படகே நகரும், அதோடு வாகனத்தின் இழுவைக் கொக்கியில் விழும் பாரமும் மாறும். மொத்தப் பாரத்தில் 10 விழுக்காடு அளவு கொக்கியில் இருப்பது நல்லது. குறைந்தால் 400 நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வால் ஆட்டும். நேராக்குவதற்கு ட்ரெய்லருக்கு அடியில் கப்ளர் (அந்தக் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லர் முனை) நடுவிலிருந்து பின் குறுக்குச் சட்டத்தின் நடுவுக்கு ஒரு நூல் கட்டி, ரோலரின் நடுவிலிருந்து ஒரு நட்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூலைத் தொட்டால் சரி.

ரோலரையும் கொஞ்சம் உயர்த்துங்கள். வளையம் ரோலருக்குச் சற்றுக் கீழே வந்து அடங்க வேண்டும். படகின் மூக்கை ஊரில் அணியம் என்போமே, அது குண்டும் குழியுமான தெருவில் மேலே துள்ளும்போது ரோலர்தான் தடுக்கும். உங்களுடையதில் தடுக்க ஒன்றுமில்லை, எல்லாம் வின்ச் பட்டியின் தலையில். பட்டியையும் முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள்.

ஏரிக்கரையான்

முடிந்தது. நூல் கட்டிப் பார்த்ததில் ரோலர் முக்கால் அங்குலம் இடப்பக்கம் விலகியிருந்தது. யூ-போல்ட்டுகள் நான்கு நட்டும் புதிது. காதுகளை ஒரு துளை மேலே ஏற்றியதும் வளையம் ரோலருக்குக் கீழே வந்துவிட்டது. தேன் நிற ரோலர், 4 அங்குலம். பட்டியில் கொக்கியருகே நூல் பிரிந்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். குளியலறைத் தராசில் கட்டை வைத்துக் கப்ளரை நிறுத்தினேன், 130 இறாத்தல். படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 1,200 வரும். சரிதானே மாமா?

கராஜ் மாமா

சரி தம்பி. ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் படகை இறக்குமுன் யூ-போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புது நட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும்.

ஏரிக்கரையான்

இரண்டு நட் கால் சுற்றுப் போயின. பாதுகாப்புச் சங்கிலியை மாட்ட மறந்து கிளம்பியதைச் சின்னவன்தான் கண்டுபிடித்தான்.