பார்மசி மாணவர்களுக்கு இதய அவசரப் பயிற்சி: யோசனை வேண்டும்

வணக்கம். பார்மசி இறுதியாண்டு மாணவர்களுக்கு, இதயம் நின்றுபோனால் செய்ய வேண்டிய உயிர்காப்புப் பயிற்சி எடுக்கப் போகிறேன். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துவதைப் பொம்மையில் பழக்கிவிடலாம். சிக்கல் மருந்தில்தான். அட்ரினலின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று ஷாக் கொடுத்தும் விஎஃப் (இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிப்பது) அடங்காவிட்டால் அமியோடரோன் 300 மி.கி., அப்புறம் 150 என்று ஒப்பித்துவிடுவார்கள், ஆனால் அந்தப் பரபரப்புக்கு நடுவே சிரிஞ்சில் ஏற்றி, பெயரையும் அளவையும் உரக்கச் சொல்லி, மருந்தைக் கொடுத்து, நேரத்தையும் குறிக்கும் பழக்கம் வகுப்பறையில் வருமா? குழுவில் பார்மசிஸ்டின் முக்கியமான வேலையே அதுதான் என்பேன்.

இப்படி நடத்தியவர்கள், ஒரு குழுவில் எத்தனை பேர் வைத்தீர்கள், விலை கூடிய சிமுலேட்டர் இல்லாமல் ஈசிஜி மாற்றங்களை எப்படிக் காட்டினீர்கள், எப்படி மதிப்பெண் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். பயிற்சிக்கான கேஸ்கள் கைவசம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.