ராத்திரி மேகம் போட்டால் பனி ஏன் உறைய மாட்டேன் என்கிறது?

ஸ்கீப்பித்தன்:
மணாலி, சோலாங்குக்கு மேலே 3,500 மீட்டர், ஏப்ரல் கடைசி வாரம். முந்தாநாள் ராத்திரி வெப்பமானி 2 டிகிரி காட்டியது. விடிந்ததும் பனி கல் மாதிரி. நேற்று ராத்திரி மைனஸ் 1. ஆனால் காலை வைத்தால் முழங்கால் வரை போகிறது. பனிச்சரிவில் சிக்காமல் ஸ்கீ போட எதை நம்பி மேலே ஏறுவது?

பனிக்கோடாரி:
முந்தாநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்திருக்கும், நேற்று மூட்டம் போட்டிருக்கும், சரியா? பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுத்தான் உறைகிறது. தெளிந்த, ஈரமில்லாத ராத்திரியில் காற்று 2 டிகிரி இருந்தாலும் மேற்பரப்பு 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். மேகம் இருந்தால் அந்தச் சூடு திரும்பி வந்துவிடும்.

அதனால் மண்வெட்டியால் வெட்டிப் பாருங்க. மேலே 2, 3 செ.மீ. ஓடு, கீழே சொதசொத என்றால் வெயில் ஏறியதும் அந்த ஓடு தாங்காது. கீழே இருப்பதை ஒரு கைப்பிடி பிழியுங்க. உருண்டை பிடித்தால் ஈரம் ஏறியிருக்கிறது. தண்ணீரே வந்தால் செங்குத்துச் சரிவை மறந்துவிடுங்க.

கம்பளிக்காரன்:
தரை வரை குழி வெட்டி 10 செ.மீ.க்கு ஒரு தடவை வெப்பநிலை எடுங்க. முழு ஆழமும் முதல் தடவையாக 0 டிகிரிக்கு வரும் நாட்கள்தான் மோசம். உருகிய தண்ணீர் இறங்கி, பழைய ஓட்டின் மேலோ குளிர்காலத்துச் சர்க்கரைப் பனியிலோ (ஒட்டாமல் சர்க்கரை மாதிரி உதிரும் அடுக்கு) தேங்கும். பிடிமானம் விட்டால் மேலே உள்ளது மொத்தமும் பலகையாக வழுக்கிப் பனிச்சரிவாக வரும். பல நாள் உருகி உறைந்து, தண்ணீர் வடிய வழி விழுந்துவிட்ட பனியில் இந்தப் பயம் குறைவு. பனியில் 30 செ.மீ. சதுரத் தூணாக வெட்டி, மேலே தட்டி அடுக்கு விடுகிறதா என்று பார்க்கும் சோதனையை இங்கே நம்பாதீங்க. 7 மணிக்கு உறைந்த தூண் சொல்வது 11 மணிக்குச் செல்லாது.

ஸ்கீப்பித்தன்:
மலையின் வடக்கு முகத்தில் காய்ந்த பனி இருக்கிறது. அங்கே போனால்?

பனிக்கோடாரி:
அங்கே குளிர்காலத்துப் பலவீன அடுக்கு இன்னும் உயிரோடு இருக்கலாம், அது வேறு கணக்கு. வெயில் முகங்களில் கிழக்கை முதலில் முடிங்க, பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. பனி உருண்டைகள் தானாக உருண்டு சக்கரமாகப் பெருத்தாலோ, கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ 30 டிகிரி சாய்வுக்குக் குறைந்த சரிவுக்கு வந்துவிடுங்க. அதற்கு மேலே செங்குத்துச் சரிவு தொங்கவும் கூடாது, பலர் கோட்டைவிடுவது இதில்தான். டி.ஜி.ஆர்.இ. (பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம்) தரும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க, ஆனால் அது மாவட்டத்துக்குச் சொல்வது, உங்கள் ஓடைக்கு இல்லை.