டிராக் ரேஸிங்கை விட்டுடலாமா? 9 வருஷமா ஓட்டறேன், இப்ப ஒரே குழப்பம்

ஒன்பது_எட்டு:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. 9 வருஷமா அமெச்சூரா டிராக் ரேஸிங் (நேர் ரோட்டுல கால் மைலை யார் சீக்கிரம் கடக்கிறாங்கன்னு ஓட்டற ரேஸ்) பண்றேன். ஆரம்பிச்சது தினமும் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போன காரை வச்சுத்தான், கால் மைல் 13.6 செகண்ட். அப்புறம் அது 12 ஆச்சு, 11 ஆச்சு, ஆபீஸுக்கு ஒரு கார் ரேஸுக்கு ஒரு கார்னு ஆச்சு, டிரெய்லர் வந்துச்சு, அந்த டிரெய்லரை இழுக்க இன்னொரு வண்டி வந்துச்சு, கடைசில டர்போ போட்டு ரெண்டு வருஷம் முன்னாடி 9.8 அடிச்சேன். அன்னிக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கமே வரல, எழுந்து போய் டைம் ஸ்லிப்பை (ட்ராக்ல நேரத்தை அச்சடிச்சுக் குடுக்கிற சீட்டு) திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்துட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் ரெண்டு சீசன்ல மூணு தடவை இன்ஜின் போச்சு. முதல் தடவை கலவை லீனாகி (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம) பிஸ்டன் உருகுச்சு, அது என் தப்புதான். மத்த ரெண்டும் பேரிங். போன மாசம் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாத்தா மடிப்புக்குள்ள எல்லாம் செப்புக் கலர்ல மினுமினுன்னு தூள். கிராங்க் (பேரிங் மேல சுத்துற இன்ஜினோட முக்கியத் தண்டு) என்ன கதியில இருக்குன்னு இன்னும் திறந்து பாக்கல, பாக்க மனசு வரல.

கடன் எதுவும் இல்ல. ஆனா சம்பளத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு இதுக்கே போகுது. மனைவி நிறுத்துன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, அதுவே சில நேரம் கஷ்டமா இருக்கு. அடுத்த வருஷம் பொண்ணு காலேஜ் போறா.

இதெல்லாம் கூட ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தான். என்னை உலுக்கினது வேற. பேரிங் போறதுக்கு முன்னாடி ரெண்டு ஈவென்ட் மழையால கேன்சல் ஆச்சு. ட்ராக் நனைஞ்சா ஓட்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். மெசேஜ் வந்ததும் எனக்கு ஏமாற்றமே வரல, "அப்பாடா"ன்னு இருந்துச்சு. ரெண்டு தடவையும். இதே ஆள்தான் முன்னாடி மேகத்தைப் பாத்தாலே வயித்துல புளியைக் கரைச்சுட்டு உக்காந்திருந்தான்.

விட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? விட்டுட்டு வருத்தப்பட்டீங்களா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருமே பிட்ல (ட்ராக்ல காரைத் தயார் பண்ற இடம்) கிடைச்சவங்க, இதை விட்டா சனிக்கிழமை யார்கூட பேசுவேன்னே தெரியல.

ரெட்லைட்_ராசா:

தலைவா, இன்ஜின் செத்த மாசத்துல முடிவு எடுக்காதீங்க. நான் அப்படி நாலு தடவை "நிரந்தரமா" விட்டிருக்கேன்.

நைட்கேரேஜ்:

ப்ரோ, நீங்க ரேஸிங்ல சலிச்சுப் போயிட்டீங்கன்னு எனக்குத் தோணல, 9 செகண்ட்ல சலிச்சுட்டீங்க. ரெண்டும் வேற.

கணக்கைப் பாருங்க. கால் மைல் நேரம் எடைக்கும் பவருக்கும் உள்ள விகிதத்தோட கன மூலத்தைத் தொடர்ந்து போகும்னு ஒரு பழைய சூத்திரம் இருக்கே, அதை வச்சு டிரைவரோட சேர்த்து சுமார் 1600 கிலோ காருக்குப் போட்டா, 12 செகண்டுக்கு 400 குதிரைத்திறன் போதும். 11க்கு 520 வேணும். 10க்கு 690, 9க்கு 950. அதாவது முதல் ஒரு செகண்டைக் குறைக்க 120 போதும், அடுத்த செகண்டுக்கு 170, அதுக்கடுத்த செகண்டுக்கு 260. தோராயம்தான், ஆனா கூடுற வேகத்தைப் பாருங்க. அந்த 260ஐத் தாங்கணும்னா பிஸ்டன், ராட், கியர்பாக்ஸ், ஆக்ஸில், டிஃபரன்ஷியல் எல்லாத்தையும் மாத்தணும், ஒண்ணை பலமா போட்டா அடுத்தது உடையும், அதைப் போட்டா அதுக்கடுத்தது. முடிவே கிடையாது.

ரூல் பக்கமும் அப்படித்தான். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸிங் அமைப்பு) ரூல்புக்கை வச்சு நடத்துற ட்ராக்ல நம்மள மாதிரி பழைய, கூரை உள்ள காருக்கு 11.49க்கு வந்தா ரோல் பார் (கார் உருண்டா தலையைக் காக்கிற இரும்புக் குழாய் வளைவு), 9.99க்கு வந்தா ஆளைச் சுத்தி கூண்டு மாதிரி முழு ரோல் கேஜ், அதோட லைசென்ஸ், சேசிஸை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சர்டிஃபிகேட் பண்ணணும். பெல்ட் பளபளன்னு புதுசா இருந்தாலும் ரெண்டு வருஷத்துல தேதி முடிஞ்சிடும். நீங்க ஒரு பாஸ் (ட்ராக்ல ஒரு ஓட்டம்) கூட ஓட்டலைன்னாலும் காலாவதி ஆகிற செலவு இதெல்லாம். இது தப்புன்னு சொல்லல, 220 கிலோமீட்டர் வேகத்துல சுவத்துல மோதினா அந்த கேஜ்தான் காப்பாத்தும். ஆனா 12 செகண்ட் கார்ல இதுல பாதிக்கு மேல கேட்கவே மாட்டாங்க.

ஒரு சின்ன விஷயம், ரெண்டு தடவை பேரிங் போச்சுன்னா ஆயில் பேனைப் பாருங்க. சம்ப் (ஆயில் தேங்குற பள்ளம்) பின்னாடி இருக்கிற பேன்னா கிளம்பும்போது ஆயில் பிக்கப் (ஆயிலை உறிஞ்சுற குழாய்) மேலயே நிக்கும், பிரச்சனை இல்ல. ஃபினிஷ் லைன் தாண்டி பிரேக்கை அழுத்தும்போது மொத்த ஆயிலும் முன்னாடி ஓடிடும், பிக்கப் காத்தைக் குடிக்கும். பாஸ் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நாம நினைச்சு சிரிச்சிட்டு இருக்கிற அந்த நேரத்துலதான் பேரிங் சாகுது. விக்கிறதா இருந்தாலும் காரணம் தெரிஞ்சு வித்தா நல்லது.

பழைய_ஸ்லிக்:

தம்பி, நான் 6 வருஷம் முன்னாடி விட்டவன். கேட்டதால சொல்றேன்.

வருத்தப்பட்டேனா? முதல் வருஷம் ரொம்ப. ஆனா நான் வருத்தப்பட்டது விட்ட விதத்துக்கு. ஒரே ஆத்திரத்துல முழுக் காரையும் அப்படியே ஒருத்தர்கிட்ட தூக்கிக் குடுத்துட்டேன், போட்ட காசுல பாதி கூட வரல. இதுல யாருக்கும் வராது, அது வேற விஷயம். ஆனா இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போன்னு தனித்தனியா வித்து உடம்பை ரோலரா (இன்ஜின் இல்லாம, சக்கரத்தோட மட்டும்) வித்திருந்தா இன்னும் கொஞ்சம் தேறியிருக்கும். அவசரத்துல விக்கிறவன் முகத்தைப் பாத்தே வாங்குறவன் விலையைக் குறைப்பான்.

ரெண்டாவது, சுத்தமா ட்ராக் பக்கமே போகாம இருந்தேன். அதான் பெரிய தப்பு. ரெண்டாவது வருஷம் ஒரு பையன் டயர் பிரஷர் பாக்க ஆள் இல்லைன்னு கூப்பிட்டான், போனேன், இப்ப அவனோட க்ரூவே நான்தான். பர்ன்அவுட் (டயரைச் சுத்தவிட்டு சூடாக்குறது) முடிஞ்சு அவனை நேரா நிறுத்தி, ஸ்டேஜ் பண்ண (ஸ்டார்ட் கோட்டுல வந்து நிக்க) கை காட்டிட்டு பின்னாடி நகர்றப்ப எனக்கு இன்னும் நெஞ்சு படபடன்னு அடிக்குது. சொந்தக் காசு ஒரு துளி போகல. சனிக்கிழமை யார்கூட பேசுறதுன்னு கேட்டீங்களே, எல்லாரும் அங்கேயே தான் இருக்காங்க.

ஒண்ணு கேக்கறேன், போன சீசன் மொத்தம் எத்தனை பாஸ் போட்டீங்க?

ஒன்பது_எட்டு:

அண்ணா, நோட்டைப் பாத்து எண்ணினேன். 31. எல்லாத்தையும் கூட்டினா அஞ்சு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல வருது. பாத்ததும் எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு.

ரெட்லைட்_ராசா:

அந்தக் கணக்கை விடுங்க தலைவா, அப்படிப் பாத்தா கிரிக்கெட்ல சதம் அடிச்சவன் மட்டைல பந்து பட்ட நேரம் ஒரு செகண்ட் கூட தேறாது. நாம ஓட்டறது அஞ்சு நிமிஷம், வாழறது மத்த நேரத்துல.

கூலர்பாக்ஸ்:

நான் ஓட்டறவ இல்ல, ஓட்டறவரோட மனைவி. அவரோட ஐடில வரல, தனியா வச்சிருக்கேன், இதைப் படிச்சா அவருக்குத் தெரிஞ்சிடும், பரவால்ல.

உங்க மனைவி ஒண்ணும் சொல்லலைன்னு எழுதியிருக்கீங்க. நானும் ரொம்ப வருஷம் ஒண்ணும் சொல்லல. காசைப் பத்தி கவலை இல்லாம இல்ல, ஆனா எனக்கு அதைவிட கஷ்டமா இருந்தது ஞாயித்துக்கிழமை ராத்திரி. ஏதாவது உடைஞ்சிருந்தா ரெண்டு நாள் வீட்ல ஒருத்தரும் சத்தமா பேசக் கூடாது, அவர் கோவப்பட மாட்டார், பேசவே மாட்டார், அதுதான் பிரச்சனை. ஜெயிச்ச அன்னிக்கும் சாப்பிட்டுக்கிட்டே அடுத்து எதை மாத்தணும்னு யோசனை. நான் "விடுங்க"ன்னு கேட்டா, பின்னாடி ஒரு நாள் உன்னாலதான் விட்டேன்னு சொல்லிடுவாரோன்னு பயம். அதனால வாயை மூடிட்டு இருந்தேன்.

நீங்க போய் விடவா வேண்டாமான்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா "உங்க இஷ்டம்"னு தான் பதில் வரும். போன ரெண்டு வருஷம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டு நடுவுல பேசாதீங்க.

ஃபுல்த்ராட்டில்:

எல்லாரும் வேகத்தைக் குறை குறைன்னு சொல்றீங்க, நான் அதை செஞ்சு பாத்தவன், சொல்றேன். 10.2 ஓட்டிட்டு இருந்தவன் செலவு தாங்காம 12.8க்கு இறங்கினேன். முதல் நாள் கொட்டாவி வந்துச்சு, சத்தியமா. பக்கத்து லேன்ல பழைய க்ரூப் ஆளுங்க போறதைப் பாக்கவே முடியல. ஒரே சீசன், வித்துட்டேன். விடறதுன்னா முழுசா விடுங்க, இந்தப் பாதிக் கிணறு தாண்டுற வேலை வேண்டாம்.

பூஜ்யம்_பூஜ்யம்_நாலு:

ஃபுல்த்ராட்டில், நீங்க 12.8ல டெஸ்ட் அண்ட் ட்யூன் (போட்டி இல்லாம சும்மா ஓட்டிப் பாக்கிற நாள்) மட்டும் ஓட்டுனீங்களா இல்ல பிராக்கெட்ல இறங்குனீங்களா? தனியா ஓட்டினா போரடிக்கத்தான் செய்யும்.

புதுசா படிக்கிறவங்களுக்காக சொல்றேன், பிராக்கெட்ல நம்ம கார் எவ்வளவு ஓடும்னு நாமே கண்ணாடில எழுதணும், அதான் டயல்-இன். நான் 12.40, எதிர்ல இருக்கிறவர் 10.10னா எனக்கு 2.30 செகண்ட் முன்னாடியே பச்சை விழும், அவர் பின்னாடி துரத்திட்டு வருவார். எழுதினதை விட வேகமா ஓடினா பிரேக்-அவுட், தோத்தாச்சு (ரெண்டு பேரும் அப்படி ஓடினா கம்மியா தாண்டினவர் ஜெயிப்பார்). ஆக இங்க காசு வேகத்தை வாங்கும், வெற்றியை வாங்காது. ஸ்டார்ட் லைட்ல மூணு ஆம்பர் (மஞ்சள்) விளக்கும் அரை செகண்ட் இடைவெளில ஒண்ணொண்ணா இறங்கும், பச்சையைப் பாத்து கிளம்புனா லேட், கடைசி ஆம்பர்ல காலை எடுக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டா சிவப்பு விழும், தோத்தாச்சு. கண்ணாடில பின்னாடி வர்ற ஹெட்லைட் பெருசாகிட்டே இருக்க, முழுசா அழுத்துறதா கடைசி இருபதடில லேசா பிரேக் தொடுறதான்னு முடிவு பண்ற அந்த நேரத்துல யாருக்கும் கொட்டாவி வராது. என் பேரைப் பாருங்க, 0.004 செகண்ட்ல ஒரு ஃபைனல் தோத்தேன், 12 செகண்ட் கார்ல. மூணு வருஷமாச்சு, இன்னும் ஆறல.

அப்புறம் கௌரவம் பத்தி. தொழில்முறைல டாப் ஃப்யூயல், ஃபன்னி கார்னு இருக்கிறதுலயே வேகமான பிரிவுகள்ல ஓட்டறவங்களே 2008ல ஸ்காட் கலிட்டாங்கிற டிரைவர் இறந்ததுக்கு அப்புறம் 1320 அடியை (அதான் கால் மைல்) 1000 அடியா குறைச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அதே 1000 அடிதான். நாம ரெண்டு செகண்ட் குறைச்சா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

ஃபுல்த்ராட்டில்:

டெஸ்ட் அண்ட் ட்யூன் மட்டும்தான் ஓட்டினேன், ஒத்துக்கறேன். ஆனாலும் என் கருத்து அதேதான், வேகத்துக்காக வந்தவனுக்கு பிராக்கெட் ஒத்து வராது. அவர் எதுக்காக வந்தார்னு அவருக்குத்தான் தெரியும்.

ஒன்பது_எட்டு:

பத்து நாள் ஆச்சு, எல்லாருக்கும் நன்றி, பதில் போடாம ஓடிட்டேன்னு நினைச்சிருப்பீங்க.

பாஸ் எண்றதுக்காக நோட்டை எடுத்தேன்ல, அப்படியே முதல்லேர்ந்து படிச்சேன். 12 செகண்ட் ஓட்டின காலத்துல ஒவ்வொரு பாஸுக்கும் முக்கால் பக்கம் எழுதியிருக்கேன், முதல் அறுபதடியைக் கடந்த டைம், காத்து எந்தப் பக்கம், டயர்ல எவ்வளவு காத்து, பக்கத்து லேன்காரர் ஸ்டேஜ் பண்ண எவ்வளவு நேரம் எடுத்தார்னு வம்பு வரைக்கும். ஒரு பக்கத்துல பொண்ணு சின்ன வயசுல வரைஞ்ச கார் படம் கூட இருக்கு, சக்கரம் ஆறு. டர்போ போட்ட அப்புறம் ஒரு பாஸுக்கு ஒரு வரி. நம்பர், அதுக்குப் பக்கத்துல என்ன உடைஞ்சுதுன்னு. அவ்வளவுதான்.

கூலர்பாக்ஸ் அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். நடுவுல பேசாம இருக்கிறதுதான் 9 வருஷத்துல நான் செஞ்ச கஷ்டமான வேலை. என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத வேண்டாம், ஆனா "மழை பெய்ஞ்ச அன்னிக்கு நீங்க நல்லா இருந்தீங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அவங்களும் கவனிச்சிருக்காங்க.

இன்ஜினைத் திறந்துட்டேன். கிராங்க் கீறல் ஆழமா இருக்கு, நைட்கேரேஜ் சொன்ன பேன் விஷயம் சரிதான்னு படுது, பின் சம்ப் பேன்தான், உள்ள ஆயிலைத் தடுக்க ஒரு தகடு கூட கிடையாது. அதை சரி பண்ணி திரும்ப கட்டப் போறதில்ல. டர்போ இன்ஜின் சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் விக்கறேன். பழைய 12 செகண்ட் இன்ஜின் கேரேஜ் மூலைல தார்ப்பாய்க்குள்ள கிடக்கு, அதைத்தான் மாட்டப் போறேன், கேஜ் இருக்கட்டும். ஒரு சீசன் பிராக்கெட். ஃபுல்த்ராட்டில் சொன்னது நடந்து எனக்கும் கொட்டாவி வந்துச்சுன்னா டிரெய்லரையும் வித்துடுவேன், மனைவிகிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். பொண்ணு ஒரு நாள் டெஸ்ட் அண்ட் ட்யூன் ஓட்டலாமான்னு கேக்கறா, அதுக்கு இன்னும் பதில் சொல்லல.

பழைய_ஸ்லிக் அண்ணா, ஒரு சந்தேகம், டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற வால்வு) சேர்த்து விக்கறதா தனித்தனியாவா? ஒருத்தர் ரெண்டையும் சேர்த்து கேக்கறார், என் முகத்தை இன்னும் பாக்கல, போன்லதான் பேசியிருக்கார்.

பழைய_ஸ்லிக்:

தனித்தனியா. வீடியோ கால் வந்தா எடுக்காதீங்க.