பழைய கைமரத்தில் நாலடி மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்யலாமா?

பாளைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில், 10 எம்.எம். கண்ணாடியில் ஒரு தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் இருக்கும் ஜோடி ஆஸ்கர் மீனுக்கு இப்போதைய இரண்டடித் தொட்டி பத்தவில்லை. திரும்பும்போதெல்லாம் வால் கண்ணாடியில் உரசுகிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

தொட்டிக்கு ஸ்டாண்ட் நானே செய்ய ஆசைப்படுகிறேன். காரணம் இதுதான். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் போன வருடம் பிரித்தோம். பங்கு பிரித்ததில் கைமரங்கள் (ஓட்டுக்கு அடியில் சாய்வாக ஓடும் மரங்கள்) கொஞ்சமும் உத்திரத்தில் ஒரு மூன்றடித் துண்டும் எனக்கு வந்தன. கைமரம் 4 அங்குலத்துக்கு 2½ அங்குலம். உத்திரம் 5க்கு 5. பெரியப்பா தேக்கு என்கிறார், சித்தப்பா வேங்கை என்கிறார். விறகு விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. கொடுக்க மனசு வரவில்லை.

வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறாள். எதைக் கண்டாலும் பிடித்து ஏறுவாள். அதனால் ஸ்டாண்ட் துளிகூட ஆடக் கூடாது. வைக்கப்போவது முதல் மாடியில், மொசைக் தரை. ஸ்டாண்ட் இரண்டரை அடி உயரம் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சரியாக இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு கை ரம்பம், டிரில், இரண்டு உளி. பள்ளிக்கூடத்து மேசை நாற்காலிகளைச் சரிசெய்த பழக்கம் உண்டு, அவ்வளவுதான். இந்த மரம் தாங்குமா? எப்படிச் சேர்த்தால் நல்லது?

கொளத்தூர் ரசிகன்:

வணக்கம் நண்பரே. நான் சென்னை கொளத்தூர் பக்கம். இங்கே வண்ணமீன் கடைகளில் நாலடித் தொட்டிக்குப் பெரும்பாலும் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட்தான் கொடுக்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஒரே நாளில் முடிந்துவிடும். எடையை நினைத்துப் பாருங்கள். உங்கள் அளவுக்கு விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 235 லிட்டர், அதுவே 235 கிலோ. கண்ணாடி 50 கிலோவுக்கு மேல். கல், மணல், மூடி எல்லாம் சேர்த்து 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீடு வேறு. பழைய மரத்தை நம்பி இறங்குவதை விட இரும்பு நிம்மதி என்பது என் கருத்து. மரத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமே.

செங்கோட்டை தச்சன்:

தம்பி, மரத்தை விற்காமல் வைத்தீர்கள் பாருங்கள், அதற்கே முதலில் நன்றி. பல வருடம் கூரையில் கிடந்த மரம் இனிமேல் எளிதில் முறுக்காது, வளையாது. புதிதாக அறுத்த மரம் வாங்கினால் காய வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உங்களிடம் காய்ந்து முடித்த மரம் சும்மா இருக்கிறது.

கொளத்தூர் நண்பர் சொன்ன எடை சரி. ஆனால் 350 கிலோ மரத்துக்கு ஒரு பொருட்டே கிடையாது. இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் தேக்குக் கால் ஒன்று, நேராக நிற்கும் வரைக்கும், ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். உங்கள் தொட்டியில் ஒரு காலுக்கு வருவது 90 கிலோ. அப்புறம் ஏன் மர ஸ்டாண்டுகள் விழுகின்றன? பக்கவாட்டு ஆட்டத்தில் விழுகின்றன, இல்லையென்றால் எடையைத் திருகாணி சுமக்கிற மாதிரி செய்ததில் விழுகின்றன. இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் உங்கள் பிள்ளை தாராளமாக ஏறட்டும்.

முதலில் மரம் எதுவென்று பாருங்கள். கொஞ்சம் சீவி, அந்தச் சுருளைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் பொன்பழுப்பாக மாறி, ஓரத்தில் நீலப் பளபளப்பு தட்டினால் வேங்கை. தேக்கு அப்படிச் செய்யாது. சீவும்போதே எண்ணெய்ப் பசையும் தேக்கு வாசனையும் தெரியும். இரண்டும் இந்த வேலைக்கு நல்ல மரம்தான். வேங்கையாக இருந்தால் ஈரம் பட்ட இடத்தில் சாயம் விட்டுத் தரையையும் சுவரையும் கறையாக்கும், அதனால் வார்னிஷில் கஞ்சத்தனம் கூடாது. அப்படியே ஒவ்வொரு மரத்தையும் நீளம் பூராவும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தப் பகுதியை வெட்டித் தள்ளிவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம்.

அடுத்தது ஆணி. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களை அடித்த மேல்முகத்தில் வரிசையாக ஆணி இருக்கும், தலை துருத்திக்கொண்டு தெரியாது. ஆணி இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் கறுத்திருக்கும், அதுதான் அடையாளம். ஒரு காந்தத்தை நூலில் கட்டி மேலாக நகர்த்தினால் இன்னும் நிச்சயம். ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகே மில்லுக்குக் கொண்டு போங்கள். ஆணி உள்ள மரத்தை மில்லில் அறுக்கவே மாட்டார்கள். பிளேடு போய்விடும், ஆளுக்கும் ஆபத்து.

உத்திரத் துண்டை மில்லில் கொடுத்து நெடுக நான்காகக் கிழிக்கச் சொல்லுங்கள். ரம்பத் தடமும் இழைப்பும் போக ஒவ்வொன்றும் இரண்டே கால் அங்குலம் வரும். அதுதான் கால்கள். மூன்றடி இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது நாக்கோடு (சட்டத்துக்குள் நுழைய, காலின் தலையில் செதுக்கும் முனை) சேர்த்து 28 அங்குலம்கூட இல்லை. கைமரங்களை மேல்சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கைமரத்தைப் படுக்கப் போடாதீர்கள். 4 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும். 4க்கு 2½ மரத்தைப் படுக்கப் போட்டால் எவ்வளவு தொய்யுமோ, நிறுத்தி வைத்தால் அதில் பாதிகூடத் தொய்யாது. உங்கள் நீளத்துக்கும் எடைக்கும் நிறுத்தி வைத்த சட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தொய்யாது. படுக்கப் போட்டால் இரண்டு மில்லிமீட்டர் வரை போகும். மரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை, மேலே இருப்பது கண்ணாடி. வளையத் தெரியாத பொருளுக்கு அடியில் வளையும் பொருளை வைக்கக் கூடாது.

காலும் சட்டமும் சேரும் இடம். காலின் தலையில் ஒன்றரை அங்குல நாக்கு எடுங்கள். சட்டத்தின் அடிமுகத்தில் அதே அளவுக்குத் துளை அடியுங்கள். நாக்கைச் சுற்றி விட்ட தோள் மேல் சட்டம் முழுசாக உட்கார வேண்டும். எடை மரத்திலிருந்து மரத்துக்கே இறங்க வேண்டும், திருகாணியும் பசையும் சேர்த்துப் பிடிப்பதற்கு மட்டும். சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டி நான்கு திருகாணி போட்டால் 350 கிலோவையும் அந்த ஆணிகள் சுமக்கும், நாளடைவில் துளை அகன்றுவிடும். துளை அடிக்கும்போது முதலில் டிரில்லால் வரிசையாகக் குடைந்துவிட்டு, ஓரங்களை உளியால் செதுக்குங்கள். நாக்கு கையால் தள்ளிப் பாதி, கொட்டாப்புளியால் தட்டி மீதி என்று இறங்கினால் சரியான இறுக்கம். முழுக்கத் தட்டித்தான் இறக்க வேண்டும் என்றால் சட்டம் பிளந்துவிடும்.

கீழே தரையிலிருந்து 4 அங்குலம் விட்டு அடிச்சட்டம் சுற்றிலும் வர வேண்டும். இத்தனையும் செய்து ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், உள்பெட்டி இல்லாத தீப்பெட்டிக் கூடு மாதிரி சாயப் பார்க்கும். அதற்குத்தான் பலகை. பின்பக்கம் முழுவதும், இரண்டு பக்கவாட்டிலும் 12 எம்.எம். பிளைவுட்டைப் பசை தடவி, ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகாணி போட்டு அறையுங்கள். பின்பலகை இடவல ஆட்டத்தை நிறுத்தும், பக்கப் பலகைகள் முன்பின் ஆட்டத்தை நிறுத்தும். பின்பலகையில் குழாய்க்கு வழி வேண்டுமானால் நடுவில் வட்டமாகத் துளை போடுங்கள், ஓரத்தைக் கடித்து எடுக்க வேண்டாம்.

மேலே 18 எம்.எம். பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது மரைன் பிளை. மரத்தூள் பலகையை இந்தப் பக்கமே சேர்க்காதீர்கள். தண்ணீர் பட்டால் உப்பி, திருகாணியைக் கக்கிவிடும். பசையும் தண்ணீருக்குத் தாங்கும் வகை, பெவிகால் மரைன் போன்றது.

பலகை போடும் முன் ஒரு சோதனை. மேல்சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். மற்ற இரண்டு மூலைக்கும் அதே மாதிரி. நடுவில் இரண்டு நூலும் ஒன்றை ஒன்று அழுத்தாமல், இடைவெளியும் இல்லாமல் தொட்டு நிற்க வேண்டும். மேல் நூல் கீழ் நூலை அழுத்தினாலோ விலகி நின்றாலோ சட்டம் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். உயரமான மூலையை இழைப்புளியால் மெல்ல மெல்ல எடுத்துச் சரிசெய்யுங்கள். ரசமட்டம் மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முறுக்கு சில நேரம் கண்ணுக்குத் தப்பிவிடும். நாலு மூலையில் ஒன்று தூக்கியிருந்தாலும் கண்ணாடியின் சிலிக்கான் இணைப்புக்குத்தான் வலி.

இரும்பு ஸ்டாண்டை நான் குறை சொல்லவில்லை. நன்றாக வெல்டு செய்தது பல வருடம் நிற்கும், செலவும் குறைவு. தண்ணீர் சிந்தும் இடத்தில் வருடா வருடம் பெயின்ட் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தாத்தா வீட்டு மரம் கையில் இருக்கும்போது அதில் செய்வதுதான் அழகு.

கட்டடப் பொறியாளர் ஒருவர்:

மாடி என்பதால் இரண்டு வார்த்தை. வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறோம். தொட்டி நிற்கும் இடத்தில் மட்டும் பாரம் அதைவிட அதிகம். ஆனால் முழு அறையையும் சேர்த்துப் பார்த்தால், ஒழுங்காகக் கட்டிய தளத்துக்கு 350 கிலோ பெரிய விஷயம் இல்லை. அறை நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ வரும் பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். அந்தத் தளத்தின் அடிப்பக்கத்தில், அதாவது கீழ் அறையின் கூரையில், விரிசலோ கம்பி துருவோ தெரிந்தால், தொட்டியை வைக்கும் முன் நேரில் ஒருவரைக் காட்டுங்கள். அப்புறம், மொசைக் தரை தண்ணீர் வடிய லேசாகச் சரிந்திருக்கும். ஸ்டாண்டின் காலுக்கு அடியில்தான் அண்டை (மட்டம் பார்க்கச் செருகும் சிறு துண்டு) கொடுக்க வேண்டும், தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் எதையும் செருகக் கூடாது.

பாளைவாசி:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி சுருளை ஊறப்போட்டேன். காலையில் டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர், வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம். சித்தப்பா சொன்னதுதான் சரி, கைமரம் வேங்கை. உத்திரம் மட்டும் தண்ணீரை மாற்றவில்லை, சீவினால் தேக்கு வாசனை. பெரியப்பாவும் ஜெயித்துவிட்டார். இரண்டு பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம்.

கைமரங்களில் ஒன்று மட்டும் நுனியில் பொத்தென்று கேட்டது, ஒரு அடி வெட்டிவிட்டேன். ஆணி பிடுங்குவதுதான் பெரும்பாடு. தலை முறிந்து உள்ளேயே நிற்கும் ஆணிகளை என்ன செய்வது? முன்பக்கத்துக்குக் கதவு போடலாமா? தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் அவசியமா? கால் அடியில் கரையான் பயமும் இருக்கிறது.

செங்கோட்டை தச்சன்:

தேக்குக் காலும் வேங்கைச் சட்டமும் நல்ல ஜோடி தம்பி. முறிந்த ஆணியைச் சுற்றி ஆணியை விடக் கொஞ்சம் அகலமாகக் குடைந்து, ஒல்லி மூக்குக் குறடால் பிடித்துத் திருகி எடுங்கள். வராவிட்டால் அந்தத் துண்டை மில்லுக்கு அனுப்பாமல் குறுக்குச் சட்டத்துக்கு ஒதுக்கி, கை ரம்பத்தால் ஆணி இல்லாத இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். புதிதாகப் போடும் திருகாணி எல்லாம் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா இரும்பு போட்டால் ஈரத்தில் வேங்கை கறுத்துவிடும். வேங்கை கடினம், முதலில் டிரில்லால் வழி போடாமல் முறுக்கினால் பித்தளை ஆணி கழுத்தோடு முறியும்.

கதவு தாராளமாகப் போடலாம். கீலைக் காலில் அடியுங்கள், மேல்சட்டத்தில் வேண்டாம். கதவு ஆட்டத்தைத் தடுக்க உதவாது, அதை நம்பிப் பக்கப் பலகையை விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்குக் கை எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி வையுங்கள். உள்ளே மோட்டார் வயர், பிளக் எல்லாம் இருக்கும். வயர் பிளக் பாயின்ட்டுக்கு நேராகப் போகாமல் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறிப் போக வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

தெர்மாகோல்: தொட்டியின் அடியைச் சுற்றி பிளாஸ்டிக் பிரேம் இருந்தால் வேண்டாம். வெறும் கண்ணாடி நேராகப் பலகையில் உட்காருவதாக இருந்தால் அரை அங்குலத் தெர்மாகோல் ஒரே ஷீட்டாகப் போடுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். அதில் மணல் துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தொட்டியை இறக்குங்கள்.

காலின் அடிமுகம்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய். தரை துடைக்கும் தண்ணீர் அங்கேதான் ஏறும், கரையானும் அந்த ஈரத்தைத்தான் தேடும். அடிமுகத்தில் மட்டும் வார்னிஷ் குடித்து நிற்கும் வரை திரும்பத் திரும்பப் பூசி, அரை அங்குலக் கிரானைட் துண்டின் மேல் நிறுத்துங்கள். கிரானைட் கடையில் கழிவுத் துண்டு சும்மாவே கிடைக்கும். தரைச் சரிவுக்கு அண்டை கொடுப்பதையும் அந்தத் துண்டின் அடியிலேயே முடித்துக்கொள்ளலாம். மற்ற இடமெல்லாம் மூன்று கை வார்னிஷ், பலகையின் அடிப்பக்கமும் சேர்த்து. வாசனை முழுக்கப் போன பிறகே மீனைக் கொண்டு வாருங்கள்.

தண்ணீரை ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். முதல் நாள் பாதி. மூலைக்கு மூலை, கண்ணாடி விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் திரும்ப அளந்து, அளவு மாறாமலோ, எல்லா மூலையிலும் ஒரே மாதிரி மாறியோ இருந்தால் மீதியை நிரப்புங்கள். ஒரு மூலை மட்டும் மாறியிருந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு, அந்தக் காலின் அண்டையைச் சரிசெய்யுங்கள். சட்டம் சேர்த்ததும், பலகை அறையும் முன் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், நூல் சோதனையை நானும் ஒரு கண் பார்க்கிறேன்.